புகைக்கு பெயின்ட் தேவையில்லை!

வாட்டர் கலர் பாக்ஸ் கையில் இருக்கா? வாங்க, இந்தோனேஷியாவின் கிழக்கு ஜாவாவுக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாம்!

விடிவதற்கு முன்பே பெனஞ்சாகான் மேட்டில் இடம் பிடித்துவிடுங்கள். உயரம் 2,770 மீட்டர். குளிர் பின்னிப் பெடலெடுக்கும். பூசின கலர் சீக்கிரத்தில் காயாது.

கீழே ஒரு மணல் கடல். அதில் மடிப்பு மடிப்பாக நிற்கும் கூம்பைப் பார்த்து, 'இதான் ப்ரோமோ'ன்னு வரைய ஆரம்பிச்சா... போச்சு! அது பாத்தோக். ஜாவா மொழியில் 'சிரட்டை'ன்னு அர்த்தம். பக்கத்தில் தலை உடைஞ்சு, குட்டையா புகை விடுறாரே, அவர்தான் ஹீரோ ப்ரோமோ!

மடிப்புகளுக்கு ஈரம் குறைந்த பிரஷ் போதும். இன்ஜினீயரிங் டிராயிங் மாதிரி ஸ்கேல் வெச்சிடாதீங்க பாஸ்! புகைக்கு? பேப்பரை நனைத்து, சுற்றியுள்ள வானத்துக்கு மட்டும் கலர் விடுங்கள். ஓரம் தானாகக் கசிந்து மங்கும். நடுவில் மிச்சம் விட்ட வெள்ளைப் பேப்பர்தான் புகை.

தூரத்தில் செமேரு, 3,676 மீட்டர். அதன் உச்சியிலும் அடிக்கடி ஒரு குட்டிப் புகை கிளம்பும். அழகுதான். ஆனால், 2021 டிசம்பரில் அந்த மலை கக்கிய சூடான சாம்பலில் அடிவார மக்கள் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இந்த மலைப் பகுதியின் சாம்பல் மண்ணில்தான் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அதனால படத்தோட ஓரத்துல கொஞ்சம் பச்சையும் விடுங்க, ப்ளீஸ்!