சுவரில் நின்ற தூண்

பெங்களூர்க் கிழக்கு ரயில் நிலையத்தை அடுத்த காக்ஸ் டவுனில் நாம் ஒரு பழைய வீட்டை வாங்கி ஆறு ஆண்டுகளாகின்றன. அதன் கூடத்தில் சுவரை ஒட்டி அரையடி புடைத்த தூண் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் பயிலும் மூத்த பெண்ணுக்கு மேஜை போட அது இடைஞ்சலாயிற்று. மேஸ்திரியை அழைத்தோம். அவர் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்து, "சார், இது சும்மா அழகுக்குக் கட்டினது. அரை நாள் வேலை" என்றார். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு அலுவலகம் சென்றோம். பிறர் கூட்டிய கணக்கை மறுமுறை கூட்டிப் பாராமல் ஒப்பமிடாத குமாஸ்தாவாகிய நாம், வீட்டுக் காரியத்தில் இங்ஙனம் மதியிழந்தோம்.

மாலையில் திரும்பியபோது நான்கு வரிசைச் செங்கல் கீழே கிடந்தது. மேலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. இல்லாளோ சற்றுத் தள்ளி அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்! ரயில்வேயில் பாலப் பராமரிப்புப் பணி செய்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டுப் பெரியவர், "தம்பி, முதலில் இவர்களை வெளியே கூப்பிடு" என்று இரைந்தார். இரவோடு இரவாகச் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம்.

மறுநாள் கட்டடப் பொறியாளர் வந்தார். கூரையின் கீழ் முன்னிருந்தவர்கள் அடித்திருந்த பலகையில் ஒன்றைக் கழற்றச் சொன்னார். தேக்கு உத்திரத்தின் முனை அத்தூணின் தலையில், கருங்கல் துண்டொன்றின்மீது அமர்ந்திருந்தது. மண் சாந்துச் சுவர் ஓரிடத்தில் அவ்வளவு பாரம் தாங்காதென்றே முன்னோர் அங்கே தடிப்பாகக் கட்டினராம். பிறகு எதிர்ச்சுவரிலிருந்த பீரோவை நகர்த்தச் செய்தார். பின்னால், அதே அளவில், நேர் எதிரே மற்றொரு தூண்! உத்திரத்தின் மறுமுனை அங்கே இருந்தது. ஆறு ஆண்டுகளாக அதனைக் கண்டிலோம்.

தட்டிப் பார்ப்பது சோதனையாகாது என்றார் அவர். பூச்சு விட்ட இடமும் பொள்ளென ஒலிக்கும். மேலே எது அமர்ந்திருக்கிறது, கீழே அஸ்திவாரம் உண்டா, எதிரே இணை உண்டா என்று பார்க்க வேண்டுமாம். இவ்வூரில் சப்படிக்கல் பாவிய கூரைகளும் பல உள. அன்பர்கள் அவற்றின் கீழுள்ள சுவரைத் தொடுமுன் இருமடங்கு அஞ்சுக. கல் வளைந்து காட்டாது, திடீரென முறியும். புதிய கான்கிரீட் கட்டடமாயினும் தூணைத் தொடலாகாது. 1995 ஜூன் 29 அன்று கொரியாவின் சியோல் நகரில் சாம்பூங் பேரங்காடி சரிந்து 502 பேர் மாண்டனர். நகரும் படிக்கட்டுகளின் அருகே தூண்களைச் செதுக்கிக் குறைத்ததும் அதன் காரணங்களுள் ஒன்று.

மேஸ்திரி தலை குனிந்தபடி நான்கு வரிசையையும் மீண்டும் கட்டினார், கூலி வேண்டாமென்றார். பாதியை வற்புறுத்திக் கொடுத்தோம். பிழையிலும் பாதி நமதன்றோ. மேஜைக்குத்தான் இன்னும் இடம் அகப்படவில்லை. பெண் சமையலறை வாயிலில் அமர்ந்து படிக்கிறாள்.