கீறிய சிங்கமும் மெய்ச் சிங்கமும்

கலை இயற்கையைப் போன்றிருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். இயற்கையினின்றும் விலகி நிற்பதனாலேயே அது கலையாகின்றது என்பர் மறு சாரார். இவ்வழக்கு மிகப் பழையது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு எனத் தொல்காப்பியரும், நாட்டியதர்மி, லோகதர்மி எனப் பரதரும் இதனைப் பெயரிட்டுக் கூறினர். விரிவுரை மண்டபத்திலே இச்சொற்களைக் குறித்துக்கொண்ட நாளில் அவை பரீட்சைக்குரியன என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவை என் வாழ்க்கைக்கும் உரியன என்பதை உணர்த்தியவை ஒரு சிங்கக் குட்டியின் கதையும், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் வாய்ச்சொல்லுமேயாகும்.

அமெரிக்காவின் வோல்ற் டிஸ்னி நிறுவனம் 1994 இல் 'த லயன் கிங்' என்னும் சித்திரப் படத்தை வெளியிட்டது. றொஜர் அலேர்ஸ், றொப் மின்கொவ் ஆகிய இருவரும் அதனை நெறிப்படுத்தினர். முபாசா என்னும் சிங்கராசனை அவனது தம்பி ஸ்கார் வஞ்சித்துக் கொல்கின்றான்; தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என நம்பவைக்கப்பட்ட குட்டி சிம்பா ஊரைவிட்டு ஓடிப்போய், வளர்ந்தபின் மீண்டு வருகின்றான். ஆபிரிக்கப் புல்வெளியில் நிகழும் இக்கதையில் ஷேக்ஸ்பியரின் ஹம்லெற்றின் சாயலைக் காணாதார் இலர்.

என் தந்தையார் நோயுற்று மறைந்தபோது எனக்கு எட்டு வயது. செத்த வீட்டில் நான் அழவில்லை. "பிள்ளைக்கு இன்னும் விளங்கேல்லை" என்று உறவினர் பேசிக்கொண்டது இன்றும் நினைவிருக்கின்றது. சில மாதங்களின் பின்னர் அயல்வீட்டு அக்கா ஒருவர் இரவல் தந்த இறுவட்டில் அப்படத்தைப் பார்த்தேன். இறந்து கிடக்கும் தந்தையின் காதைச் சிம்பா கடித்து இழுக்கின்றான், எழுப்ப முயல்கின்றான், இயலாதபோது அத்தந்தையின் முன்னங்காலின் கீழே நுழைந்து படுத்துக்கொள்கின்றான். அந்தக் குட்டியின் முகத்திலே, எனக்கு நிகழ்ந்தது இன்னதென்பதை நான் முதன்முறையாகக் கண்டேன். குசினியிலிருந்து வந்த அம்மா என் அழுகையைக் கண்டு ஒன்றும் பேசாமல் அருகே அமர்ந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த இறுவட்டை எத்தனை முறை போட்டிருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

2019 இல் ஜோன் பவ்ரோவின் நெறியாள்கையில் அதே கதை மீண்டும் படமாயிற்று. இம்முறை கைச்சித்திரம் இல்லை. ஒவ்வொரு மயிரும், புழுதியின் ஒவ்வொரு துகளும் கணினியிலே ஆக்கப்பட்டு, ஒரு வனவிலங்கு விவரணப் படத்தைப் பார்ப்பது போன்ற மயக்கத்தை அவை தந்தன. தொடக்கத்தில் வரும் சூரியோதயக் காட்சி ஒன்று மாத்திரமே கமெராவினால் உண்மையாகப் பிடிக்கப்பட்டது என்பதைப் படத்தின் நெறியாளரே பின்னர் வெளியிட்டார். எஞ்சிய அனைத்தும் கணினியின் ஆக்கம் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது.

தோழியருடன் சென்று திரையரங்கில் அதனைப் பார்த்தேன். அந்தக் காட்சி வந்தது. நான் காத்திருந்த முகம் வரவில்லை. ஓர் உண்மையான சிங்கக் குட்டி ஓர் உண்மையான சிங்கத்தின் உடலருகே நின்றது. அதன் குரலில் துயரம் இருந்தது, முகத்தில் இல்லை. எம் வீட்டுச் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கழற்றிவிட்டு, அதனிலும் துலக்கமான வேறொருவரின் படத்தை மாட்டிவிட்டாற் போன்றதொரு கோபத்துடன் வெளியே வந்தேன்.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் இக்கோபம் ஒரு கொள்கையாக வளர்ந்தது. விடுதியில் இதுபற்றிப் பேச்செழுந்தால் நான் முன்னிற்பேன். எதிர்வாதம் புரிந்த தோழி ஒருத்தி, "சனம் காசு குடுத்துப் பாத்ததுதானே, நீ யார் பிழை சொல்ல?" என்பாள். அவள் கூற்றுக்கு ஆதாரம் உண்டு. உலகெங்கும் 160 கோடி டொலருக்கு மேல் அப்படம் ஈட்டியது. விமர்சகருள் ஏறக்குறையப் பாதிப்பேரே அதனைப் பாராட்டினர். ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளில் முதல்நாட் பார்வையாளரிடம் கருத்தறியும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் அது 'ஏ' தரம் பெற்றது. எனினும் காசு எப்பொழுதும் ஒரே தீர்ப்பைச் சொல்வதில்லை. 2025 இல் வெளிவந்த இத்தகைய மறுவாக்கங்களுள் 'லீலோ அன்ட் ஸ்டிச்' 100 கோடி டொலரைத் தாண்ட, 1937 ஆம் ஆண்டின் மூலத்தைக் கொண்ட 'ஸ்னோ வைற்' படுதோல்வி கண்டது. ஆகவே வசூலைக் கொண்டு கலையை அளத்தல் இயலாது என்பேன் நான்.

என் வாதம் இதுவே. சிங்கத்துக்குப் புருவம் இல்லை. மனிதரைப் போன்று வளையும் உதடும் இல்லை. 1994 இன் ஓவியர்கள் கலையகத்துக்கே உயிருள்ள சிங்கங்களை வரவழைத்து அவற்றின் நடையையும் உடலமைப்பையும் பயின்றனர். பயின்றபின், வேண்டிய இடத்தில் அவ்வுண்மையைக் கைவிட்டனர். புருவமேட்டை உயர்த்தினர்; வாயைக் கோணவைத்தனர்; கண்ணை விரித்தனர். டிஸ்னியின் மூத்த ஓவியர்களான பிராங் தோமஸ், ஒலி ஜோன்ஸ்ரன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட நூலிலே, நசுக்கி நீட்டுதலையும் மிகைப்படுத்தலையும் தம் கலையின் அடிப்படை விதிகளாகக் கூறியமை ஈண்டு மனங்கொளத்தக்கது. மிகையே அங்கு உண்மையைச் சொல்லும் கருவி. 2019 இன் கலைஞர்களோ சிங்கத்தின் முகம் எதைச் செய்யுமோ அதற்கப்பால் செல்வதில்லை என்று விரதம் பூண்டனர். ஆனால் அவர்களது சிங்கம் பேசுகின்றது; பாடுகின்றது; அரசாள்கின்றது. நாடக வழக்கிலே பிறந்த உள்ளடக்கத்துக்கு உலகியல் வழக்கின் உருவத்தை அணிவித்ததால் விளைந்த முரண் இது. 'இன்றிரவு' என்று பாடும் காதற்பாடல் புதிய படத்தில் பகல் வெளிச்சத்திலே நிகழ்வதைக் கண்டு இரசிகர் பலர் நகைத்ததும் இம்முரணை உணர்ந்தமையாலேயே.

நம் விமர்சகர்கள் யதார்த்தவாதத்தையும் இயற்பண்புவாதத்தையும் வேறுபடுத்திக் காட்டுவர். புறத்தே தெரிவனவற்றையெல்லாம் பிசகாது பதிவுசெய்தல் இயற்பண்பு. அவற்றுள் இயங்கும் உண்மையைப் புலப்படுத்தலே யதார்த்தம். மயிரை எண்ணுவது முன்னையது. துயரை எண்ணுவது பின்னையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனை வளாகத்தில் மேடையேற்றிய 'இராவணேசன்' முதலான கூத்துக்களில் மெய்யான தேரோ கடலோ இருக்கவில்லை. களரியை ஒரு சுற்று ஆடிவந்தால் காதவழி கடந்தாயிற்று என்பதைச் சபையோர் ஏற்றுக்கொள்கின்றனர். அந்த உடன்பாட்டில் சபைக்கும் ஒரு பங்குண்டு.

இதற்கு மறுதலையாக எடுத்துக்காட்டப்படும் ஒரு படமும் என் வாதத்துக்கே துணைநின்றது. 1967 ஆம் ஆண்டின் 'த ஜங்கிள் புக்' சித்திரப் படத்தை இதே பவ்ரோ 2016 இல் மறுவாக்கம் செய்தபோது விமர்சகரும் மக்களும் ஒருசேர வரவேற்றனர். காடும் விலங்குகளும் கணினியின் ஆக்கமே. எனினும் நடுவே மௌக்லியாக நடித்த நீல் சேத்தி என்னும் சிறுவனின் மெய்யான முகம் இருந்தது. விலங்குகளின் முகம் சொல்லாதவற்றை அச்சிறுவனின் முகம் சொல்லிற்று. 'லயன் கிங்'கிலோ அவ்வாறு தாங்கி நிற்க ஒரு மனித முகமும் இல்லை.

இவ்வளவில் என் கட்சி வென்றதென்றே எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் வீடு சென்றபோது அக்காவின் மகளுக்கு இவ்விரு படங்களையும் காட்ட எண்ணினேன். அவள் முன்னரே புதிய படத்தைப் பார்த்திருந்தாள். முபாசா விழும் இடத்தில் அவள் விம்மி விம்மி அழுததாக அக்கா கூறினாள். "பிறகு மூண்டு நாள் தனியப் படுக்கமாட்டன் எண்டிட்டாள்" என்றும் சொன்னாள். நான் உணர்ச்சியே இல்லை என்று ஒதுக்கிய முகத்தின் முன்னே ஒரு பிள்ளை துடித்திருக்கின்றாள். பழைய படத்தைப் போட்டேன். என் அழுகைக்கு மொழி தந்த அதே காட்சி வந்தது. அவள் அழவில்லை. மாறாக என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, எனக்கு ஆறுதல் கூறுபவள் போல, "அழாதேங்கோ சித்தி. இது கீறின சிங்கம்தானே. கீறின சிங்கம் சாகாது" என்றாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் கொள்கைகள் யாவும் அச்சிறுமியின் இரண்டு வாக்கியங்களில் தலைகீழாயின. எந்த விரிவுரைக் குறிப்பையும் அறியாத அவள், தான் முதலிற் கண்ட உருவத்திலே தன் உயிரை வைத்தாள். நானும் அதையேதான் செய்திருந்தேன். விடுதியிலே யதார்த்தம் என்றும் இயற்பண்பு என்றும் நான் வாதாடியபோதெல்லாம், உண்மையில் அயல்வீட்டு இறுவட்டையும் அம்மாவின் அருகாமையையும் காத்துநின்றேன். மறுவாக்கங்களைக் கண்டு சினந்த இரசிகர் பலரின் நிலையும், விரும்பிச் சென்ற இரசிகர் பலரின் நிலையும் இதுவாகவே இருக்கலாம். தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர் தம் இளமையையும் உடன் அழைத்துச் சென்றனர். அந்த ஏக்கத்தை நன்கறிந்தே நிறுவனமும் பழைய கதைகளை மீண்டும் மீண்டும் விற்கின்றது.

ஆயினும் உருவம் பற்றிய என் கருத்தை நான் முற்றாகக் கைவிடவில்லை. மறுநாட் காலையில் மருமகள் என்னிடம் வந்து படம் போடும்படி கேட்டாள். எந்தப் படம் என்று வினவினேன். "கீறினதைப் போடுங்கோ" என்றாள். அன்று மாலையும் அதையே கேட்டாள். மெய்ச் சிங்கத்தின் சாவை மீண்டும் காண அவளுக்குத் துணிவில்லை. கீறிய சிங்கத்தின் சாவையோ அவளால் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. மூன்றாம் முறை பார்க்கையில், சிம்பா தந்தையின் காலின் கீழே நுழையும் இடத்தில் அவள் மெல்ல என் கையின் கீழே நுழைந்துகொண்டாள். தூரம் கருதிக் கலை பூணும் கோலம் துயரத்தைக் குறைப்பதில்லை. அதன் அருகே அமர்ந்திருக்க நமக்கு இடம் தருகின்றது. கூத்திலே பட்டுவிழுந்த மன்னன் மங்களம் பாடும்போது எழுந்து நிற்பதை நம் முன்னோர் விடியும்வரை இருந்து பார்த்தமைக்கும் இதுவே காரணமாதல் கூடும்.

எட்டு வயதில் நான் அந்த இறுவட்டைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து போட்டதன் காரணமும் இப்பொழுதுதான் விளங்குகின்றது. படம் தொடங்கினால் சூரியன் எழும். பாறையின் மேலே தந்தை நிற்பார். விடுமுறை முடிந்து வளாகம் திரும்பும் நாளில் மருமகள் ஒரு கொப்பித்தாளை என்னிடம் தந்தாள். பென்சிலால் கீறிய சிங்கம். ஒரு கால் மற்றவற்றினும் நீளம்; முகத்தில் மனிதருக்குப் போலப் புருவங்கள் இருந்தன. என் விடுதி மேசையின் முன்னே அது ஒட்டப்பட்டிருக்கின்றது.