பத்துக்கு எத்தனை?

வலியைப் பொறுத்துக்கொள்வது பெண்ணுக்கு அழகு என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். நுரையீரலுக்கு அந்தப் பாடம் ஆகாது.

பழைய காசநோய் சிதைத்துவிட்டுப்போன வலது நுரையீரலின் கீழ்மடலை எனக்கு வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. எலும்புகளை விலக்கும்போது அது நசுங்கும். பிறகு மார்பில் செருகிய குழாய் அதை உரசும். அந்த வலியில் ஆழமாக மூச்சிழுக்க முடியாது, இரும முடியாது. இருமாவிட்டால் சளி தேங்கும், நிமோனியா வரலாம்.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா, அறுவைக்கு முன்பே 'நெர்வ் பிளாக்' பற்றி விளக்கினார். முதுகெலும்பின் ஓரமாக மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, நரம்புகள் வெளியே வரும் இடத்திலேயே மரப்பு மருந்தைச் செலுத்துவது. மூன்று நாள் அது ஓடியது. நினைவு தெளிவாக இருந்தது. மார்பின் ஒரு பட்டை மட்டும் மரத்துக்கிடந்தது. தோள்பட்டை மட்டும் குடைந்தது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அந்தத் தடுப்புக்குள் அடங்காது என்று சொல்லி, வேறு மருந்து கொடுத்தார்கள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினேன்.

"பத்துக்கு எத்தனை?" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் சிஸ்டர்கள் கேட்பார்கள். பக்கத்துக் கட்டில் அக்கா எப்போதும் "மூணு" என்பார். "ரெண்டு புள்ள பெத்தவ, இதத் தாங்கமாட்டனா?" என்று என்னிடம் சிரிப்பார். மூச்சுப்பயிற்சிக் கருவியில் அவருக்கு ஒரு பந்துகூட எழும்பவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பார்த்தால், முதுகுக் குழாய் எப்போதோ நழுவியிருந்தது.

"அக்கா, நிஜமா எத்தனை?" என்றேன். வெகுநேரம் கழித்து, "எட்டு இருக்கும் டீச்சர். சொன்னா சலிச்சுக்குவாங்களோன்னு..." என்றார்.

மறுபடி குழாய் வைத்தார்கள். மாலையில் முதல் பந்து எழும்பியது.

இப்போதும் என் மார்பகத்துக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லை. பிராவின் பட்டை பட்டால் எரிகிறது. இரண்டு மாதம் கடந்தும் நீடிக்கும் இப்படியான வலி, இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதான். அதற்கும் மருந்து உண்டு. பிராவைப் பற்றி ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று பல பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். நான் சொன்னேன். குறித்துக்கொண்டார், மருந்து எழுதினார், அவ்வளவுதான்.

என் மாணவிகளிடம் சொல்வது இதுதான்: உங்கள் அம்மாவுக்கு அறுவை என்றால், வலிக்கு என்ன ஏற்பாடு என்று முதல் நாளே கேளுங்கள். அவர் "மூணு" என்றால், இன்னொரு முறை கேளுங்கள்.