எந்நாளும் இல்லை, இன்று இல்லை

கொச்சியில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் எதிர்மறை வாக்கியம் அமைக்கும்போது மட்டும் பலர் தயங்குகின்றனர். அதற்கு உதவும் விளக்கு நம் தாய்மொழியிலேயே இருக்கிறது.

நான் வாழும் மட்டாஞ்சேரிக்கு அருகில், ஃபோர்ட் கொச்சியின் வேலி என்னும் பகுதியில் டோபி கானா உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுத்து வருகின்றன. இப்போதுள்ள சலவைக்கூடம் 1976இல் கட்டப்பட்டது. அங்கே துணி உலர்த்துவோர் கிளிப் பயன்படுத்துவதில்லை; முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவர். இஃது அவர்களின் வழக்கம். ஆகவே ஆங்கிலத்தில், 'தே டூ நாட் யூஸ் கிளிப்ஸ்' என்போம்.

ஆனி மாதத்து மழைநாள் ஒன்றில், அங்கே தொழில் செய்பவரின் மகள் என்னிடம் வந்தாள். தந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத வேண்டுமாம்.

"அத்தை, அப்பா வேலை செய்யவில்லை என்று எப்படி எழுதுவது?"

"எந்நாளும் வேலை செய்வதில்லையா, இன்று வேலை செய்யவில்லையா?"

"வெயில் இல்லையே, அத்தை. இன்று மட்டும்தான்."

'மை ஃபாதர் டஸ் நாட் வொர்க்' என்று எழுதினால், அவர் வேலைக்கே போகாதவர் என்று பொருள்படும். விடியுமுன் எழுந்து கல்லில் துணி துவைப்பவருக்கு அது பொருந்துமா? 'மை ஃபாதர் இஸ் நாட் வொர்க்கிங் டுடே' என்பதே உண்மை. அவள் அதையே எழுதினாள்.

தமிழில் 'செய்வதில்லை' என்றால் வழக்கம். ஆங்கிலத்தில் 'டூ நாட்' வரும். அவன், அவள், அது என்னும் ஒருமைக்கு 'டஸ் நாட்' வரும். அப்போது 'வொர்க்ஸ்' என்பதன் இறுதி 'ஸ்' நீங்கி 'வொர்க்' என நிற்கும். 'இன்று செய்யவில்லை', 'இப்போது செய்யவில்லை' என்றால் 'ஆம் நாட்', 'இஸ் நாட்', 'ஆர் நாட்' ஆகியவற்றுள் ஒன்றுடன் 'இங்' சேர்ந்த வினை வரும். 'நேற்றுச் செய்யவில்லை' என்பது இறந்தகாலம். அதற்கு இவை பொருந்தா. எனவே காலச்சொல்லை முதலில் பாருங்கள். மலையாளத்திலும் வழக்கத்திற்குச் 'செய்யாறில்ல' என்றும், இன்றைக்குச் 'செய்யுன்னில்ல' என்றும் கேட்டிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் தனியே நினைவிற்கொள்க. அறிதல், புரிதல் போன்ற வினைகளுக்கு 'இங்' வேண்டா. 'எனக்குப் புரியவில்லை' என்பதை 'ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட்' என்றே சொல்ல வேண்டும். வகுப்பில் தயங்காமல் சொல்ல வேண்டிய வாக்கியமும் அதுவே.

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் எந்நாளும் செய்யாத செயல் ஒன்றையும், இன்று மட்டும் செய்யாத செயல் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். அவற்றைத் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.