திருமதி மூரும் நம் தாய்மாரும்

அரசுப் பணிக்கு ஓய்வு வயது உண்டு. கலைப் பணிக்கு இல்லை. இங்கிலாந்து நாட்டு நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட் அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்று. 1907இல் பிறந்த அவர், 1926இல் பர்மிங்ஹாமில் மேடையேறினார். 1930இல் கறுப்பினப் பெருங்கலைஞர் பால் ரோப்சன் ஒத்தெல்லோவாகத் தோன்றியபோது டெஸ்டிமோனாவாக உடன் நடித்தார். 1963இல், தம் ஐம்பத்தைந்தாம் அகவையில், ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களில் அரசி மார்கரெட்டாக இளநங்கையாய்த் தோன்றி மூதாட்டியாய் மாறிக் காட்டினார்.

எனினும், உலகெங்கும் அவரை அறியச் செய்தது 1984இல் டேவிட் லீன் இயக்கிய ‘எ பாசேஜ் டு இந்தியா’ திரைப்படமே. இந்தியாவில் நீதிபதியாக இருக்கும் மகனைக் காண வரும் முதிய தாய் திருமதி மூராக அதில் நடித்தார். மசூதியில் இரவில் சந்தித்த இந்திய மருத்துவரைப் பற்றித் தாய் மகிழ்வோடு கூறுகிறாள். மகனோ அதிகாரியாய் மாறி விசாரிக்கிறான். அத்தாயின் தனிமையை அம்மையார் தம் விழிகளாலேயே உணர்த்திவிடுகிறார். அதற்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசு அவரை அடைந்தபோது வயது 77. அப்பிரிவில் அதுவரை அவ்வயதில் எவரும் அதைப் பெற்றதில்லை. 1991இல் அவர் மறைந்தார்.

அன்பர்களே, மாற்றல் உத்தரவோடு ஊர் ஊராய்ச் செல்லும் நம் இல்லங்களிலும் மகனை நம்பி, மொழியறியா ஊருக்கு வந்த தாய்மார் உளர். என் தாயாரும் அத்தகையவரே. அண்டை வீட்டு இந்திக்கார மூதாட்டியோடு கைச்சாடையாலேயே நட்புக் கொண்டுள்ளார். மாலையில், “இன்று என்ன பேசினீர்கள், அம்மா?” என்று கேட்டால் போதும்; ஒரு மணி நேரம் சொல்வார். மருந்து உண்டாரா என வினவுவதைவிட அக்கேள்வியே அவர் முகத்தை மலரச் செய்கிறது.