வாளாவிருத்தலும் வேண்டாவெனலும்

படுவான்கரைக் கலியாண வீட்டில் "சோறு வேண்டா" என்பானுக்கும், ஒன்றுஞ் சொல்லாது இலைமுன் இருப்பானுக்கும் ஒருபடியாகப் பரிமாறுவாருளரோ? வாளாவிருப்பவன் வீட்டு வழக்கத்துக்கு உடன்பட்டவன். வேண்டாவென்றவன் அதனை விலக்கியவன். கணினிகளை ஏவற்கோப்புகளால் அமைக்குந் தொழிலிற் புகும் நம் மாணவர் முதற்கண் உணரவேண்டுவது இவ்வேறுபாட்டையே.

ஆண்டுக் கொள்கலன் என்பது துறைமுகத்து இரும்புப் பெட்டியன்று; ஒரு செயலியையும் அதற்கு வேண்டுவனவற்றையும் ஒருங்கே கட்டிய பொதி. அதன் அமைப்புகளுட் பல விருப்பின்பாற்பட்டவை. எழுதாது விடின் வழக்கமான மதிப்பே நிற்கும்.

இடர் பிறப்பது வெறுமையிலே. டொக்கர் கொம்போஸ் கோப்பில் தொடக்கக் கட்டளைக்கு 'நல்' என எழுதின் (நல்லது என்னும் நல் அன்று, ஆங்கிலச் சொல்) படிமத்திலுள்ள கட்டளையே இயங்கும். வெற்றுப் பட்டியலை இடினோ, அக்கட்டளை புறக்கணிக்கப்படும். கொள்கலன் எழாது போதலுங் கூடும். பார்வைக்கு இரண்டும் வெறுமையே! டெராபோமில், 2019 இல் வந்த 0.12 ஆம் பதிப்பு முதல் 'நல்' எழுதாமைக்கு ஒப்பாயிற்று. 2022 இல் வந்த 1.3 ஆம் பதிப்பு, ஒரு பண்பை விருப்பிற்குரியதென அறிவித்து, விடுபட்டவிடத்து நிற்கவேண்டிய மதிப்பையும் உடன் குறிக்க இடந்தந்தது. இஃது எமக்குப் பெரிதும் உவப்பானது.

எனினும் நினைவக எல்லையை மாத்திரம் வழக்கத்துக்கு விடலாகாதென்பது எம் கருத்து. டொக்கரில் அதனை எழுதாவிடின் எல்லையே இல்லை. ஒரு கொள்கலன் பொறியின் நினைவகம் முழுவதையும் உண்ண முற்படின், லினக்ஸ் கரு ஏதேனுமொரு செயல்முறையைக் கொன்று இடந்தேடும்; மடிவது குற்றமற்ற அயற் கொள்கலனாகவும் இருக்கலாம். அதிலே ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவேடு இருப்பின், காலையில் வரிசையில் நிற்போர் என் செய்வர்? அரை வரியில் எழுதக்கூடிய எண் அது. 512 மெகாபைட்டு என்றாயினும் முதலில் எழுதுக. ஒரு வாரம் அளந்து பின்னர்த் திருத்துக.