‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியவன் நான்

“மாணவருக்கு ஆர்வமில்லை. ஒத்துழைக்கவில்லை.” எங்கள் பள்ளியின் வேலைப் பயிற்சிப் பதிவேட்டில் ஒரு பையனின் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது. எழுதியது நான். கீழே இருக்கும் கையெழுத்தும் என்னுடையது. அது பொய். தெரிந்தே எழுதிய பொய்.

சிவகாசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளை அச்சகம், பட்டறை, கடை என்று வேலை பழக அனுப்புவது என் பொறுப்பு. பிளஸ் டூ முடித்தபின் என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று வழி சொல்வதும் நான்தான். 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபிறகு அந்தப் பொறுப்புக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று, “எங்க ஸ்கூல்ல ஒருத்தரும் மிச்சமில்ல, எல்லாரையும் அனுப்பியாச்சு” என்று சொல்ல ஆசைப்பட்டேன். எல்லாம் அந்த ஆசையில் தொடங்கியது.

அந்தப் பையனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பேச்சு குறைவு. பாடம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் விலையில்லாப் பாடநூல்கள் வந்து இறங்கினால் ஆசிரியர்கள் அவனைத்தான் தேடுவார்கள். வகுப்புவாரியாகப் பிரிப்பான். ஒவ்வொரு கட்டையும் மேசையில் நிறுத்தி நாலு பக்கமும் தட்டுவான். மூலைகள் பொருந்தியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டைத் தொடுவான். நடுவில் ஒரு புத்தகம் தலைகீழாக இருந்தால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி அடுக்குவான். சிவகாசியில் பைண்டிங் வேலைக்கு இதைவிடத் தகுதி என்ன வேண்டும்? அவனை ஓர் அச்சகத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்ததில் தவறில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் அவனைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, ஒருமுறை செய்து காட்ட வேண்டும். திடீர்ச் சத்தம் ஆகாது. மெஷினிலிருந்து தள்ளி உட்கார வைக்க வேண்டும். பயிற்சிக்கு முன்பே கூட்டிப் போய் இடத்தையும் ஆட்களையும் பழக்க வேண்டும். “இதை ஓனர் கையில குடுத்து விளக்கிச் சொல்லிருங்க சார்” என்றார். சரி என்றேன். மடித்து ஃபைலில் வைத்தேன்.

கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. பயந்தேன். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த அச்சகத்தில்தான் இடம் கிடைத்து வந்தது. இப்படியொரு பையன் என்று சொன்னால் உரிமையாளர் முகம் சுளிப்பார், மற்றவர்களுக்கும் கதவு அடைபடும் என்று கணக்குப் போட்டேன். சொல்லாமல் அனுப்பினால் எப்படியோ ஓடிவிடும் என்று நினைத்தேன். முன்கூட்டிக் கூட்டிப் போகவும் இல்லை. நேரமில்லை என்று பயிற்றுநரிடம் சொன்னேன். நேரம் இருந்தது.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிந்து, வருடக் கடைசி நெருங்க நெருங்கக் காலண்டர் வேலை உச்சத்துக்குப் போகும் ஊர் இது. யாரும் யாரையும் நின்று பார்க்க முடியாத அந்தச் சமயத்தில் அவனை அனுப்பினேன். வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போ என்று கையைக் காட்டிவிட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததை அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மா அன்றைக்கே என்னிடம் சொன்னார். முதலில் அட்டைகளை அடுக்கச் சொன்னார்களாம். அழகாக அடுக்கினானாம். பிறகு மேஸ்திரி வந்து, “இந்தக் கட்டை அங்க தூக்கி வை, படத்தை எடுத்துட்டு வா, அப்படியே அந்தப் பசை டின்னை இங்க நகட்டு” என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். பையன் டின்னைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அடுத்து என்ன என்று தெரியவில்லை. “என்னடா முழிக்கிற” என்று அவர் கத்தியிருக்கிறார். அதே நேரம் பக்கத்தில் தகரப் பட்டி அடிக்கும் மெஷின் தடாலென்று இறங்கியது. டின்னைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அச்சடித்து வைத்திருந்த முருகன் படங்கள் மேல் பசை கொட்டியது. பிடரியில் ஓர் அடி விழுந்தது.

எனக்குப் போன் வந்தது. போனேன். சட்டையெல்லாம் பசையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் வந்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பான். அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தப்பு என் பேரில், இவனைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்டேன். ஃபைல் பைக் பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் என் மரியாதை போய்விடும் என்று பட்டது. “மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி. இவன் சொன்னாக் கேக்க மாட்டான்” என்றேன். அவன் பக்கம் திரும்பித் திட்டவும் செய்தேன்.

சொன்னதை அப்படியே கேட்கிற பையன் அவன். அவனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச அவனுக்கு வராது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் அவன் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். “எம்புள்ள தப்பு பண்ணிட்டானா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தவில்லை. “இவனுக்கு வேலையெல்லாம் சரிப்பட்டு வராதும்மா. வீட்லயே வச்சுப் பாத்துக்கங்க” என்றேன். ஒரு வாத்தியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர் அவர். நம்பினார். பையன் அதன்பின் சரியாகப் பள்ளிக்கு வரவில்லை.

அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் எனக்குத் தெரியும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து. 1995-இன் பழைய சட்டத்தில் இவர்களுக்கு அந்த இடமும் கிடையாது. இவர்களுக்கென்றே சந்தையோடு தொடர்புள்ள திறன் பயிற்சி வேண்டும் என்று புதிய சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். ஒன்றையும் சொல்லவில்லை. சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமை 18 வயது வரைதான். அவனுக்கு மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச காலத்தை நான் வீணாக்கினேன்.

பயிற்றுநர் கேட்டார்: “அந்தப் பேப்பரைக் குடுத்தீங்களா சார்?” கொடுத்தேன் என்றேன். பதிவேட்டில் அந்த வரியை எழுதியது அதன் பிறகுதான். என் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் காது கேளாத ஒரு மாணவிக்கு அதே அச்சகத்தில் இடம் கேட்டேன். “அந்த மாதிரிப் பிள்ளைக வேண்டாம் சார், ஒரு தடவை பட்டது போதும்” என்றார் உரிமையாளர். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு வேறு அச்சகம் கிடைக்கவில்லை. அந்த வருடப் பயிற்சி அவளுக்கு இல்லாமலே போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தபின் என்னால் மறைத்து வைத்திருக்க முடியவில்லை.

அச்சகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். உரிமையாளர் படித்தார். “இவ்வளவுதானா சார்? பின்னாடி ரூம்ல மெஷினே கிடையாதே. அங்க உக்கார வச்சிருப்பேனே” என்றார். நான் பயந்த பயத்துக்கு இருந்த ஆதாரம் அவ்வளவுதான். பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பதிவேட்டைத் திருத்தக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக அந்த வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நீங்க சொன்னீங்கன்னு அன்னைக்கு ராத்திரி நானும் அவன அடிச்சேன் சார்.”

அச்சகத்தில் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். அம்மா அனுப்ப மறுக்கிறார். என் பேச்சை நம்பி இன்னொரு தடவை பிள்ளையை எங்கேயும் விட மாட்டேன் என்கிறார். அவர் சொல்வது நியாயம்.